சாதாரண நாளின் கணக்கு

தினமும் எழுதுகிறவர்களுக்கு அதனால் என்ன கிடைக்கிறது? சமூகத்துக்கு என்ன கிடைக்கிறது, இயக்கத்துக்கு என்ன கிடைக்கிறது, இலக்கியத்துக்கு என்ன கிடைக்கிறது என்றெல்லாம் நாம் நிறையப் பேசியிருக்கிறோம். கூட்டம் போட்டுப் பேசியிருக்கிறோம், சண்டை போட்டுப் பிரிந்தும் இருக்கிறோம். எழுதுகிற ஆளுக்கு என்ன கிடைக்கிறது என்பதை மட்டும் யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. கேட்டால் அது சுயநலம். 'ஊரே பத்திக்கிட்டு எரியிது, ஒனக்கு நோட்டுப் புஸ்தகத்துல என்ன வேல' என்று ஒரு தோழர் கேட்பார். கேட்கிறவர் மோசமான ஆள் இல்லை. நிஜமாகவே எரிந்த ஊர்களுக்குப் போய் வந்தவர். அதனால்தான் அவருக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

நான் பேசுவது கதை, கவிதை எழுதுவதைப் பற்றி இல்லை. அச்சுக்கென்று எழுதுகிற கட்டுரையைப் பற்றியும் இல்லை. தேதி போட்டு, இன்றைக்கு நடந்ததை இன்றைக்கே, நாலு வரியோ நாலு பக்கமோ விடாமல் எழுதி வைக்கிற பழக்கத்தைப் பற்றி. பாடப்புத்தகத்தில் நாட்குறிப்பு என்பார்கள். நாம் டைரி என்போம். டைரி என்றதும் நம்ம வீடுகளில் ஞாபகம் வருவது, புத்தாண்டுக்கு எங்கேயோ இனாமாக வாங்கி வந்து, ஜனவரி 5 வரைக்கும் எழுதி, அப்புறம் பால் கணக்கும் சீட்டுக் கணக்கும் போடுகிற சாமான்தான். அந்தப் பால் கணக்கை நான் கேவலமாகச் சொல்லவில்லை. அதற்குப் பிறகு வருகிறேன்.

எம்.ஏ. தமிழ் வகுப்பில் நாட்குறிப்பு என்றால் ஆனந்தரங்கப் பிள்ளை. 1736 முதல் 1761 வரை எழுதினார். புதுச்சேரியில் பிரெஞ்சுக் கம்பெனிக்குத் துபாஷி. கப்பல் வந்தது, துரை சொன்னது, சரக்கு விலை, படையெடுப்பு எல்லாம் அதில் உண்டு. பெரிய ஆவணம்தான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் அந்தச் சரக்கைக் கரையிலிருந்து தூக்கிச் சுமந்தவன் அன்றைக்கு ராத்திரி என்ன நினைத்துக்கொண்டு படுத்தான் என்று எந்த வகுப்பிலும் யாரும் கேட்டதில்லை. கேட்டால் 'ஆதாரம் இல்லம்மா' என்று முடித்துவிடுவார்கள்.

நம் ஆட்களின் நாள் எழுதப்படாமலே போனது என்று சொல்வதுகூட முழு உண்மை இல்லை. எழுதப்பட்டது. பண்ணை வீட்டுக் கணக்கு நோட்டில் எழுதப்பட்டது. இன்ன தேதி, இன்ன ஆள், அரை நாள் வேலை, இத்தனை படி நெல், கல்யாணத்துக்கு வாங்கினது இவ்வளவு, வட்டி இவ்வளவு. எழுதுகிற கை கணக்கப்பிள்ளையின் கை. அடியில் வைக்கிற கட்டைவிரல் மட்டும் நம்முடையது. எங்க தாத்தா இந்த உலகத்தில் இருந்தார் என்பதற்கு எழுத்தில் ஒரு தடயம் இருக்குமானால் அது அப்படி ஒரு நோட்டில்தான் இருக்கும், கடனாளியாக. அந்த நோட்டை இந்நேரம் கரையான் தின்றிருக்கும். தின்னட்டும். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாளை எழுதி வைத்தவன்தான் அந்த நாளுக்குச் சொந்தக்காரன் ஆனான். உழைத்தவனுக்கு அந்த நாளைப் பற்றிச் சொல்ல வாய் இருந்தது, காட்டத் தாள் இல்லை. 'நோட்டுல அப்படி இல்லையேடா' என்ற ஒரு வார்த்தையில் வருசம் முழுக்க உழைத்த உழைப்பு அடித்துப் போகும்.

பிறந்த தேதியும் அப்படித்தான். எங்க தெருவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் பள்ளிக்கூட வாசலை மிதித்தவர்கள் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்திலிருந்து பின்னோக்கி எண்ணி வாத்தியார் போட்ட பிறப்பு அது. மிதிக்காதவர்கள் 'கம்மா ஒடஞ்ச வருசம்' பிறந்தவர்கள், 'பெரிய காத்தடிச்ச வருசம்' பிறந்தவர்கள். இது அழகான வாய்மொழி மரபு என்று நாட்டார் வழக்காறு படித்தவர்கள் சொல்வார்கள். அழகுதான். முதியோர் பென்ஷனுக்கு மனு எழுதும்போது அந்த அழகு செல்லுபடி ஆவதில்லை.

இயக்கம் வந்த பிறகுதான் நமக்கென்று தேதிகள் வந்தன. டிசம்பர் 25 என்றால் வெண்மணி, 1968, நாற்பத்து நாலு உயிர். ஜூன் 30 என்றால் மேலவளவு, 1997. ஜூலை 23 என்றால் தாமிரபரணி, 1999, பதினேழு உயிர். டிசம்பர் 6 பாபாசாகேப் மறைந்த நாள். ஏப்ரல் 14, மகத் குளத்தில் தண்ணீர் எடுத்த நாள் என்று ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் நம் காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டதெல்லாம் சாவுதான். இந்தத் தேதிகளை மறக்கச் சொல்லவில்லை, மறந்தால் நாம் மனுசர் இல்லை. ஆனால் டிசம்பர் 24 அன்று வெண்மணியில் என்ன நடந்தது? கூலி அரைப்படி கூடக் கேட்டார்கள் என்று தெரியும். அந்த வாரம் யார் வீட்டில் என்ன குழம்பு, எந்தப் பிள்ளை எதற்கு அடம் பிடித்தது, எவள் யாரைக் கிண்டல் பண்ணிச் சிரித்தாள்? அவர்கள் செத்த விதம் உலகத்துக்கே தெரியும். இருந்த விதம் தெரியாது.

நம்மிடம் எழுத்து கேட்கிறவர்களும் காயத்தைத்தான் கேட்கிறார்கள். பத்திரிகைக்காரன் கேட்கிறான், ஆராய்ச்சிக்கு வருகிறவர் கேட்கிறார், நாமே நம்மிடம் கேட்கிறோம். ஒரு தலித் பேனா எடுத்தால் அவமானம் நடந்த கதையைச் சொல்ல வேண்டும் என்பது எழுதாத சட்டம். அவமானம் நடக்காத நாளில் அவனுக்கு எழுத ஒன்றும் இல்லையா? அன்றைக்கு அவன் வாழவில்லையா? தினமும் எழுதுகிற பழக்கம் முதலில் உடைப்பது இந்தச் சட்டத்தைத்தான். தினமும் எழுத உட்கார்ந்தால் வெறும் காயத்தை வைத்துக்கொண்டு ஒப்பேற்ற முடியாது. செவ்வாய்க்கிழமை ஒன்றும் நடந்திருக்காது. அந்த ஒன்றுமில்லாததை எழுத வேண்டும்.

இதை எனக்குப் புரிய வைத்தவர் நம்ம நாட்டுக்காரர் இல்லை. பிரேசில் நாட்டின் கறுப்பினப் பெண் ஒருவர், கரோலினா மரியா தெ ஜெசுஸ். நம்மவர்கள் கறுப்பு இலக்கியம் என்றால் அமெரிக்காவோடு நின்றுகொள்கிறோம். அடிமை முறையை 1888 வரைக்கும் சட்டப்படியே வைத்திருந்த நாடு பிரேசில். அங்கே 1914 இல் ஒரு சிற்றூரில் பிறந்தவர் கரோலினா. பள்ளிக்கூடம் போனது இரண்டே வருசம். பிறகு சாவோ பாவ்லோ நகரத்தில் ஆற்றங்கரையை ஒட்டிய கனிந்தே என்ற சேரியில் தானே கட்டிய பலகைக் குடிசை, மூன்று பிள்ளைகள், கூட ஆண் துணை கிடையாது. தெருத்தெருவாகப் பழைய பேப்பரும் இரும்பும் பொறுக்கி எடைக்குப் போட்டுச் சீவனம். பொறுக்கிய நோட்டுகளில் எழுதாத பக்கம் இருந்தால் அது அவருக்கு. அதில் எழுதினார்.

அச்சான டைரி 1955 ஜூலை 15 ஆம் தேதி தொடங்குகிறது. அன்று மகளுக்குப் பிறந்தநாள். செருப்பு வாங்கிக் கொடுக்கக் காசு இல்லை. குப்பையில் கிடைத்த ஒரு ஜோடியைக் கழுவிச் சரிபண்ணிப் போட்டு விடுகிறார். அதற்கப்புறம் நாள் நாளாகப் போகிறது. விடிவதற்கு முன்னால் எழுந்து பொதுக் குழாயில் தண்ணீருக்கு நிற்பது, அன்றைக்குப் பேப்பர் எடைக்குப் போட்டு வந்த காசு, அரிசி என்ன விலை, பீன்ஸ் என்ன விலை, பக்கத்து வீட்டுச் சண்டை, பிள்ளைகளின் பசி. 1958 இல் அந்தச் சேரியைப் பற்றி எழுத வந்த அவுதாலியோ தாந்தாஸ் என்ற பத்திரிகையாளர் காதில், 'இரு, உன்னை என் புத்தகத்தில் எழுதி விடுகிறேன்' என்கிற மாதிரி யாரையோ மிரட்டுகிற இந்தப் பெண்ணின் குரல் விழுந்திருக்கிறது. என்ன புத்தகம் என்று கேட்டுப் போனவரிடம் நோட்டுகளைக் காட்டினார். 1960 ஆகஸ்டில் புத்தகம் வந்தது. வீட்டில் வேண்டாத சாமானைத் தூக்கிப் போட்டு வைக்கிற அறை என்று அதன் தலைப்புக்குப் பொருள். நகரம் மாளிகை என்றால் சேரி அந்த அறை. முதலில் அச்சிட்ட 10,000 பிரதியும் சில நாளிலேயே தீர்ந்தது. பல மொழிகளில் போனது.

நான் சொல்ல வருவது அந்தப் புகழைப் பற்றி அல்ல. புத்தகத்தைப் பதிப்பித்த தாந்தாஸ், நோட்டுகளில் இருந்ததில் பெரும்பகுதியை வெட்டினார். ஏன் வெட்டினேன் என்று முன்னுரையில் மறைக்காமல் சொல்கிறார்: சேரியின் அன்றாடம் திரும்பத் திரும்ப வந்தால் படிக்கிறவருக்கு அலுத்துவிடும். பதிப்பாளர் நோக்கில் அது சரிதான். நூறு தடவை தண்ணீர் எடுக்கப் போனதை யார் படிப்பார்கள்? ஆனால் எழுதியவள் நூறு தடவையும் போயிருக்கிறாள். நூறு தடவையும் திரும்பி வந்து எழுதியிருக்கிறாள். நேற்று எழுதியதுதானே, இன்றைக்கு வேண்டாம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. பசி தினமும் வருகிறது, திரும்பத் திரும்ப வருவது அலுப்பு என்று எவராவது சோற்றை வெட்டுகிறார்களா? வாசகருக்கு அலுப்பாகத் தெரிகிற அந்த இடத்தில்தான் எழுதுகிறவருக்குக் கிடைப்பது இருக்கிறது. தண்ணீர்க் குழாய் அவளை நிற்க வைத்தது. எழுதும்போது குழாயை அவள் நிற்க வைத்தாள். நூறு நாளும் அவளைத் தின்றுவிட்டுப் போன நாட்களாக இல்லாமல், அவள் கையில் எண்ணிக்கையோடு இருக்கிற நாட்களாக ஆயின. பண்ணை நோட்டுக்கு நேர் எதிரான நோட்டு இது.

இதை மனபாரம் குறைவது என்று சொல்வார்கள். 'எழுதினா மனசு லேசாயிரும்' என்பது இப்போது எல்லோரும் சொல்கிற வைத்தியம். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. பழைய நோட்டைத் திறந்தால் அடங்கின கோபம் திரும்ப ஏறுகிறது, மறந்த ஏச்சு மறுபடி காதில் விழுகிறது. லேசாவதற்குக் குடிக்கலாம், சாமியாடலாம், தூங்கலாம். தேதி போட்டு எழுதுவது கனத்தைக் குறைப்பதில்லை. கனம் எவ்வளவு என்று நிறுத்துக் காட்டுகிறது. எனக்குத் தெரிந்து இதுதான் பெரிய லாபம். நம்மை வைத்து அரசியல் செய்கிறவர்கள் கூட்டியும் சொல்கிறார்கள், நம்மை ஒடுக்குகிறவர்கள் குறைத்தும் சொல்கிறார்கள். உள்ளது உள்ளபடி எவ்வளவு என்பது எனக்காவது தெரிய வேண்டாமா?

சாட்சிக் கூண்டில் ஏறியவர்களுக்கு இதன் நடைமுறைப் பயன் புரியும். 'மணி என்னம்மா? வெளிச்சம் இருந்துச்சா? முதல்ல அடிச்சது வலது கையா, இடது கையா?' வருசக் கணக்காகி வருகிற குறுக்கு விசாரணையில் நம்ம ஆட்கள் தடுமாறுவது பொய் சொல்வதனால் அல்ல, எழுதி வைக்காததனால். சம்பவம் நடந்த சமயத்தில் சாட்சி தன் கையால் எழுதி வைத்ததைப் பார்த்து நினைவைப் புதுப்பித்துக் கொள்ளலாம் என்று 1872 ஆம் வருசத்துச் சாட்சியச் சட்டத்திலேயே இருந்தது. அதற்குப் பதிலாக 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்திலும் இருக்கிறது. களத்தில் இருக்கிற மாணவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது. ஆனால் இந்தப் பயனைச் சொல்லித்தான் நாட்குறிப்புக்கு அனுமதி வாங்க வேண்டும் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அது மறுபடியும் காயத்துக்காக எழுதுவது.

தினமும் என்று சொல்கிறேன். வாரத்துக்கு ஒரு நாள் என்றாலும் விடாமல் இருந்தால் அதுவும் இதே வேலையைச் செய்யும். அயோத்திதாசரைப் பாருங்கள். 1907 ஜூன் 19, புதன்கிழமை, சென்னை ராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' வெளிவந்தது. காலணா விலை. மறு வருசம் 'தமிழன்' என்று பெயர் மாறி, 1914 இல் அவர் சாகும் வரைக்கும் வாரப் பத்திரிகையாக நடத்தினார். வைத்தியம் அவருடைய தொழில், நோயாளியைப் பார்த்துவிட்டு எழுத உட்கார வேண்டும். ஒவ்வொரு புதன்கிழமையும் நம் ஆட்கள் மீது ஒரு கொடுமை நடந்து செய்தி வந்து சேரும் என்று காத்திருந்தால் பத்திரிகை நடத்த முடியாது. வாரம் பிறந்தால் பக்கம் நிரம்ப வேண்டும். அதனால் போகிப் பண்டிகை என்றால் என்ன, கார்த்திகை தீபம் என்றால் என்ன, இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, வாசகர் கேட்ட சந்தேகத்துக்கு விடை என்ன என்று எழுதிக்கொண்டே போனார். இந்திரர் தேச சரித்திரம் இப்படித் தொடராக வந்ததுதான். 1999 இல் ஞான. அலாய்சியஸ் தொகுத்துப் பாளையங்கோட்டையிலிருந்து வெளிவந்த பெரிய தொகுதிகளைப் புரட்டும்போது நமக்குத் தெரிவது, அடிபட்டவனின் அழுகை அல்ல. அன்றாடத்தின் மேல் உரிமை கொண்டாடுகிற ஒருவரின் தோரணை. பண்டிகையும் எங்களுது, சொல்லும் எங்களுது, வைத்தியமும் எங்களுது. வாரா வாரம் எழுத வேண்டிய கட்டாயம்தான் அவரை இத்தனை இடத்துக்குக் கொண்டு போனது என்று நினைக்கிறேன். 1927 இல் 'பகிஷ்கிருத் பாரத்' நடத்திய அம்பேத்கரும் வழக்கு வேலைக்கும் இயக்க வேலைக்கும் நடுவில் அதன் பக்கங்களைப் பெரும்பாலும் தானே எழுதி நிரப்பினார்.

ஆனால் அவர்கள் இருவருக்கும் எதிரில் வாசகர் இருந்தார்கள். எதிரில் ஒருவரும் இல்லாமல் எழுதியவரைப் பார்த்தால்தான் நம் கேள்வி முழுசாகும். மகாராஷ்டிரத்தில் பல்டண் ஊரைச் சேர்ந்த பேபி காம்ப்ளே. மகர் சாதி, அம்பேத்கர் இயக்கத்தில் வளர்ந்தவர். படிப்பு நாலாம் வகுப்பு. சிறிய மளிகைக் கடை வைத்திருந்தார். சாமான் மடிக்க வருகிற பழைய பேப்பரைக் கடையில் உட்கார்ந்து படிப்பார். அப்படியே எழுதவும் தொடங்கினார். யாராவது வந்தால் ஒளித்து வைப்பார். முக்கியமாகக் கணவர் கண்ணில் படக்கூடாது. அழுக்கும் தூசியுமாக யாரும் கை வைக்காத மூலையில் சொருகி வைத்தார். இருபது வருசம் அப்படி இருந்தது. மராத்தியில் 1986 இல் புத்தகமாக வந்தபோது தலைப்பு 'எங்கள் வாழ்க்கை' என்கிற பொருளில் இருந்தது. 'என்' இல்லை, 'எங்கள்'.

நம் ஆண் தோழர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். பேபி காம்ப்ளே நோட்டை ஒளித்தது சாதி இந்துக்களிடமிருந்து இல்லை. 'ஒனக்கு நோட்டுப் புஸ்தகத்துல என்ன வேல' என்பது நம் வீட்டுக்குள்ளும் கேட்கப்படுகிற கேள்வி. இயக்கத் தோழர் அதைக் கேட்கும்போது ஊர் எரிவதைக் காரணமாகச் சொல்கிறார். வீட்டு ஆள் கேட்கும்போது அடுப்பு எரியாததைக் காரணமாகச் சொல்கிறார். இரண்டு பேருக்கும் சந்தேகம் ஒன்றுதான்: எனக்குத் தெரியாமல் உனக்கென்று என்ன இருக்கிறது? எனக்கென்று ஒன்று இருப்பது குற்றமா என்பதுதான் இங்கே அறக் கேள்வி. தலைமுறை தலைமுறையாகத் தனக்கென்று ஒரு பிடி மண்ணோ ஒரு நாளோ இல்லாதவர்களைப் பார்த்து 'தனக்கென்று' எழுதாதே என்று சொல்வது தியாகத்தைக் கற்பிப்பது அல்ல. தியாகம் பண்ணுவதற்கு முதலில் ஏதாவது இருக்க வேண்டும். இருபது வருசம் ஒருத்தரும் படிக்காமல் மூலையில் கிடந்த நோட்டு பேபி காம்ப்ளேவுக்கு மட்டுமே சொந்தமாக இருந்தது. அதில் அவர் எழுதியது அந்த மகர்வாடா முழுவதையும். இரண்டும் ஒரே நோட்டில் இருக்க முடிந்திருக்கிறது.

தோழரின் கேள்விக்கு இது பதில். ஆனால் தோழர் கேட்காத இன்னொரு கேள்வி இருக்கிறது, அதற்கு எனக்கு இவ்வளவு சுலபமாகப் பதில் வருவதில்லை. என் லாபத்துக்கு விலை கொடுக்கிறது யார்? கரோலினா சேரியை விட்டுச் சாமானை ஏற்றிக்கொண்டு போன அன்று அக்கம்பக்கத்தார் கல் எறிந்தார்கள். எங்கள் சண்டையை, எங்கள் குடியை எழுதி நீ வீடு வாங்கிக்கொண்டு போகிறாய் என்று அவர்களுக்குக் கோபம். நியாயம் இல்லாத கோபம் என்று சொல்ல முடியுமா? 1992 இல் கருக்கு வந்தபோது பாமாவால் சில மாதம் தன் ஊருக்குள்ளேயே போக முடியவில்லை. கன்னியர் மடத்தை விட்டு வெளியே வந்து, திக்குத் தெரியாமல் இருந்த நேரத்தில் தன்னைத் தேற்றிக்கொள்ள எழுதியது அது. பிறகு ஊர்ப் பிள்ளைகள் படித்துப் பெரியவர்களுக்கு விளக்கி, ஊர் அவரைச் சேர்த்துக்கொண்டது. கனிந்தே சேரிக்கு அப்படி விளக்கிச் சொல்ல யாரும் வரவில்லை. அந்தச் சேரியையே பிறகு இல்லாமல் பண்ணி மேலே சாலை போட்டுவிட்டார்கள்.

நோட்டு வேறு, அச்சு வேறு என்று ஒரு கோடு போட்டுத் தப்பிக்கலாம். நோட்டில் எதையும் எழுது, அச்சுக்குப் போகும்போது யோசி. பாதி வரைக்கும் அது சரி. நோட்டில் எழுதும்போதே ஒருவரைப் பார்க்கிற பார்வை மாறிவிடுகிறது என்பது மீதிப் பாதி. தினமும் எழுதுகிற ஆளுக்கு எதிரில் பேசுகிறவரின் சொல் காதில் தனியாக விழும். அவர் அழும்போதுகூட மனசின் ஒரு மூலை குறித்து வைத்துக்கொண்டே இருக்கும். இதுவும் எழுதுகிறவருக்குக் கிடைக்கிற ஒன்றுதான், இதை லாபத்தில் எழுதுவதா நஷ்டத்தில் எழுதுவதா என்று எனக்கு இன்னும் முடிவாகவில்லை. நான் வைத்திருக்கிற ஏற்பாடு ஒன்றே ஒன்று: யாரைப் பற்றி எழுதினேனோ, முடிந்தால் அவருக்குப் படித்துக் காட்டுவது. பண்ணை நோட்டை யாரும் நமக்குப் படித்துக் காட்டியதில்லை. அந்த வித்தியாசமாவது வேண்டும்.

பால் கணக்குக்கு வருகிறேன். சுயஉதவிக் குழு வந்த பிறகு நம் பெண்கள் கையில் நோட்டு வந்திருக்கிறது. தேதி, தொகை, யார் கட்டினாள், யார் கட்டவில்லை, ஏன் கட்டவில்லை. 'பொன்னுத்தாயி மகனுக்குக் காச்ச, அடுத்த வாரம்' என்று ஓரத்தில் எழுதியிருப்பார்கள். அந்த ஓரத்தில் எழுதியதுதான் நாட்குறிப்பு. அதற்கு மேசை வேண்டாம், தனி அறை வேண்டாம். எனக்கும் தனி அறை கிடையாது. எழுதுவதில் பாதி தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில். 'ஐயா மீட்டிங்ல இருக்காரு, ஒக்காருங்க' என்பார்கள். முன்பெல்லாம் மத்தியானம் வரைக்கும் உட்கார்ந்திருந்தால் அந்தப் பொழுது அதிகாரியுடையது. இப்போது அவர் காக்க வைக்க வைக்க என் பக்கம் நிரம்புகிறது. எத்தனை மணிக்கு வந்தேன், எத்தனை மணிக்குக் கூப்பிட்டார்கள், பக்கத்தில் பட்டாவுக்கு அலைகிற கிழவி என்ன சொன்னாள், யார் டீ வாங்கிக் கொடுத்தது. ஒரு நாள் குமாஸ்தா எட்டிப் பார்த்து 'என்னம்மா எழுதுற' என்றார். 'நடக்குறத' என்றேன். அன்றைக்குக் கொஞ்சம் சீக்கிரம் கூப்பிட்டார்கள். இதையும் லாபத்தில் சேர்க்கலாம்.

கரோலினா 1977 இல் நகரத்தின் விளிம்பில் ஏழையாகச் செத்தார். அடுத்தடுத்த புத்தகங்கள் விற்கவில்லை, ஊர் மறந்தது. ஆனாலும் எழுதுவதை நிறுத்தவில்லை. கவிதை, நாவல், நாடகம் எல்லாம் எழுதினார். பதிப்பாளர்களுக்கு அவரிடம் வேண்டியது சேரி மட்டும்தான். செங்கல் வீட்டுக்குக் குடிபோன பிறகு எழுதிய டைரி 1961 இல் குறுக்கப்பட்டு வந்தது. அதை 2021 இல் வெட்டாமல் இரண்டு பாகமாகப் போட்டார்கள். பதிப்பிக்கிற குழுவில் அவருடைய மகளும் இருந்தார், குப்பையில் எடுத்த செருப்பைப் போட்டுக்கொண்ட அதே மகள்.

எங்கம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. வாரத்தில் ஒரு நாள் படித்துக் காட்டுவேன். முதலில் 'இதெல்லாம் ஒரு கதைன்னு எழுதிக்கிட்டு' என்று எழுந்து போய்விடும். அப்புறம் திருத்தம் சொல்ல ஆரம்பித்தது. 'அன்னைக்குக் கருவாடு இல்லடி, மொச்சக்கொட்ட.' 'நான் அழுதேன்னு எழுதாத. ஏசுனேன்ல, அத எழுது.' இப்போது நான் நோட்டை எடுக்காத ராத்திரியில் அதுவே கேட்கிறது. போன வெள்ளிக்கிழமைப் பக்கம் முழுக்க அது சொல்லி நான் எழுதியது: காலையில ரெண்டு பஸ் நிக்காம போயிருச்சு. களையெடுக்க ஏழு பேர். தண்ணி கொண்டாந்தது நம்ம தூக்குவாளியில. மத்தியானம் செவப்பி ஒரு கதை சொன்னா, அத எழுத முடியாது, சிரிச்சு வயிறு வலிச்சிச்சு. கூலி சாயங்காலமே குடுத்துட்டான். தக்காளி வாங்கல.